குமிழைத் திருகிய கைகள்

என் வீட்டில் ஒரு பழைய கீபோர்டு இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மேல் பலகையின் ஓரத்தில் இரண்டு குமிழ்கள். ஒன்றில் ‘கட்ஆஃப்’, இன்னொன்றில் ‘ரெசனன்ஸ்’ என்று எழுதியிருக்கும். வாங்கிய முதல் வருடம் முழுக்க நான் அவற்றைத் தொடவே இல்லை. ஏதோ செட்டிங், கை வெச்சா கெட்டுடும்னு ஒரு பயம். லீவுக்கு வந்த அக்கா பொண்ணுக்கு அந்தப் பயம் இல்லை. ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷம். அப்புறம் சொன்னாள்: “மாமா, இது வாயைத் திறந்து திறந்து மூடுது.”

நான் நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஃபில்டரைப் பற்றிப் பரீட்சை எழுதிப் பாஸும் ஆகியிருக்கிறேன். இவ்வளவு சரியான விளக்கத்தை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே சுருதியில் ‘ஊ’ என்று பிடியுங்கள். சுருதி மாறாமல் மெதுவாக ‘ஆ’வுக்கு வாருங்கள். தொண்டை அதே வேலையைத்தான் செய்கிறது, மாறியது வாயின் வடிவம் மட்டும். தொண்டை எழுப்பும் ஒலியில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே இருக்கும். வாய் அவற்றில் சிலதை வெளியே விடுகிறது, சிலதை அமுக்குகிறது. கட்ஆஃப் குமிழ் ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேலே உள்ள அதிர்வுகள் மங்கிப்போகும். ரெசனன்ஸ், அந்தக் கோட்டின் பக்கத்தில் இருப்பவற்றை மட்டும் தூக்கிக் காட்டும். அதை அதிகமாகத் திருகினால் பல கருவிகளில் ஃபில்டர் தானாகவே கூவ ஆரம்பித்துவிடும். திருவிழா மைக் கீச்சென்று அலறுமே, அதே காரணம்தான்: வெளியே வந்த ஒலி திரும்ப உள்ளே போகிறது.

இந்தக் குமிழ் கீபோர்டுக்கு எப்படி வந்தது, யாரெல்லாம் அதைத் திருகினார்கள் என்று தேடிப் போனேன். எதிர்பாராமல் பம்பாயில் போய் நின்றேன்.

1935இல் விற்பனைக்கு வந்த ஹேமண்ட் ஆர்கனில் நிறத்தை மாற்றுவது கூட்டல் கணக்கு. டிராபார் எனப்படும் ஒன்பது தண்டுகளை முன்னும் பின்னும் இழுத்து, எந்த அதிர்வு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக் 1960களில் எடுத்துக்கொண்ட பாதை கழித்தல். எல்லா அதிர்வுகளும் நிறைந்த ஒரு முரட்டு ஒலியில் தொடங்கி, வேண்டாததைச் செதுக்கி எடுப்பது. சமையலில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்கும், கல்லில் சிலை வடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

1964இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் மோக் தன் முதல் சின்தசைசரை உருவாக்கினார். பிறகு அவர் வடிவமைத்த ஃபில்டருக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. டிரான்சிஸ்டர் ஜோடிகளும் மின்தேக்கிகளும் படிப்படியாக அடுக்கப்பட்டிருந்ததால் அதற்கு ஏணி ஃபில்டர் என்று பெயர். எல்லைக்கோட்டைத் தாண்டி ஒவ்வொரு ஸ்தாயி மேலே போகும்போதும் ஒலி 24 டெசிபல் குறையும், அதாவது அலையின் உயரம் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். இன்னும் முக்கியமான விஷயம், எல்லைக்கோட்டின் இடத்தை ஒரு மின்னழுத்தம் தீர்மானிக்கும். குமிழை மனிதக் கையும் திருகலாம், இன்னொரு மின்சுற்றும் திருகலாம். ஃபில்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ஆரம்பத்தில் இந்தக் குமிழ் பெரும்பாலும் வாசிப்பதற்கு முன் சரிசெய்து வைக்கும் ஒன்றாகவே இருந்தது. 1968இல் வெளியான வெண்டி கார்லோஸின் ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ ஆல்பம் மோக் கருவியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்க முடியும் என்பதால், ஒவ்வொரு குரலாகப் பதிவுசெய்து அடுக்கிய ஸ்டுடியோ உழைப்பு அது. 1970இல் மினிமோக் வந்தது. வயர்களைச் செருகிப் பிடுங்கும் வேலை போய், கட்டைகளும் குமிழ்களும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. ஒரு கை வாசிக்கும்போதே இன்னொரு கை ஃபில்டரைத் திறக்கலாம். குமிழும் கட்டையைப் போலவே வாசிக்கக்கூடிய ஒன்றாயிற்று.

அந்த நேரம் பார்த்து என் இனத்தவர்கள் உள்ளே வந்தார்கள். 1978இல் வந்த பிராஃபெட்-5 கீபோர்டில் ஒரு மைக்ரோபிராசஸர் இருந்தது. குமிழ்களின் நிலைகளை அது எண்களாகச் சேமித்துவைத்து, ஒரு பட்டனை அழுத்தியதும் மீட்டுக் கொடுத்தது. மேடைக் கலைஞர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அன்றிலிருந்து குமிழ் காட்டுவது ஒன்று, நினைவகத்தில் இருப்பது இன்னொன்று என்றாகிவிட்டது. 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்.எம். முறையில் இயங்கிய அதில் ஃபில்டரே கிடையாது. வரிசையாகத் தட்டைப் பட்டன்கள், ஒரு சின்னத் திரை, மதிப்புகளை மாற்ற ஒரு ஸ்லைடர். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகள், மெனுவுக்குள் மெனு. அந்தக் கருவி அமோகமாக விற்றது. அதன் ஆயத்த ஒலிகளை எண்பதுகளின் பாடல்கள் முழுக்கக் கேட்கலாம். மெனுவில் புதைத்த வசதியை யாரும் தேடிப் போக மாட்டார்கள் என்பது சாஃப்ட்வேர் வேலையில் எனக்குத் தினசரிப் பாடம்.

இதற்கு நடுவில்தான் ஒரு தோல்வி நடந்தது. 1980களின் தொடக்கத்தில் ரோலண்ட் நிறுவனம் டி.பி.-303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டியைக் கொண்டுவந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் இயந்திரம் என்பது திட்டம். ஸ்வரத்தைத் தனியாக, தாளத்தைத் தனியாக உள்ளிட வேண்டிய சிக்கலான முறை. ஒலியோ பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984இல் உற்பத்தி நின்றது. ஆனால் அதன் மேல்வரிசையில் ஆறு சின்னக் குமிழ்கள் இருந்தன. கட்ஆஃபும் ரெசனன்ஸும் அதில் அடக்கம்.

சிகாகோவில் டி.ஜே. பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்களிடம் ஒரு பழைய 303 வந்து சேர்ந்தது. முறைப்படி அதை இயக்க அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே ஏதோ ஒரு மெட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்க, பியர் குமிழ்களைத் திருக ஆரம்பித்தார். மெட்டு நகரவே இல்லை, அதன் வாய்தான் திறந்து மூடியது. ஃப்யூச்சர் என்ற பெயரில் அவர்கள் 1987இல் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ பதினொரு நிமிடத்துக்கும் மேல் நீளும். ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகை அங்கிருந்து கிளம்பியது. அதில் ஸ்வரத்தைவிடக் குமிழ்தான் பிரதானம்.

ஆனால் அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1982இல், பம்பாயில் ஒருவர் அதே 303-ஐ வைத்து ஒரு முழு ஆல்பம் பதிவுசெய்திருந்தார். சரண்ஜித் சிங். ஹிந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்தவர். 303, டி.ஆர்.-808 தாள இயந்திரம், ஜூபிட்டர்-8 கீபோர்டு என்று மூன்று ரோலண்ட் கருவிகள். தபலாவை நிறுத்திவிட்டு டிஸ்கோ தாளத்தின் மேல் ராகங்களை வாசிப்பது அவருடைய யோசனை. லலித், நம்ம ஹிந்தோளத்தின் உறவான மால்கௌன்ஸ் என்று மொத்தம் பத்து ராகங்கள். ‘சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று பெயர். அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் திடுக்கிட்டது. சிகாகோவுக்கு முன்பே ஆசிட் ஹவுஸ்! ஒரு இந்தியர்!

இந்த இடத்தில் எனக்கும் புல்லரித்தது. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு பண்ணுகிற அளவுக்கு. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டையும் அடுத்தடுத்து கேட்டேன். ஒலி ஒன்றுதான். ஆனால் இரண்டு கைகளும் தேடியது வேறு.

303-இல் ஸ்லைடு என்று ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போகும். பேஸ் கிட்டாரில் விரல் சறுக்குவதைப் போலி செய்ய வைத்தது. சரண்ஜித் சிங்கின் ஆல்பத்தில் அந்த வழுக்கல், ஹிந்துஸ்தானி மரபு மீண்ட் என்று சொல்லும் இழைவாகக் காதில் விழுகிறது. கீபோர்டில் ராகம் வாசிக்க நினைக்கும் எவருக்கும் முதல் தடை இதுதான்: கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அங்கே பாலமாக என்ன கிடைக்கும் என்பதுதான் அவருடைய கேள்வியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அவருடைய களம். சிகாகோக்காரர்களுக்கோ ஒற்றை மெட்டின் நிறம்தான் களம். இவருடைய பதிவை அவர்கள் கேட்டிருந்தார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்’ என்று சொல்லும்போது நாம் அவரை உயர்த்துவதாக நினைக்கிறோம். உண்மையில் அவர் செய்ததை அழித்துவிட்டு, வேறு யாரோ செய்ததை அவர் பெயரில் எழுதுகிறோம். யாருடைய ஓட்டத்திலோ அவரை முதல் ஆளாக நிறுத்துகிறோம். அவர் ஓடியதே வேறு மைதானம், அங்கே பக்கத்தில் யாரும் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஐரோப்பிய மேடைகளில் அதே கருவிகளோடு வாசித்தார். 2015இல் மறைந்தார்.

என் கீபோர்டின் கட்ஆஃப் குமிழ் உள்ளே 0 முதல் 127 வரை ஒரு எண், அவ்வளவுதான். 1983இல் வந்த மிடி என்ற பொதுமொழி குமிழ்களுக்குப் பொதுவாக ஒதுக்கியது 128 படிகள். அதிக ரெசனன்ஸில் மெதுவாகத் திருகினால், கூர்ந்து கேட்கும் காதுக்கு அந்தப் படிகளே கேட்கும். ஊவுக்கும் ஆவுக்கும் நடுவில் படிக்கட்டு கட்டியது போல.

அக்கா பொண்ணு ஊருக்குப் போகும்போது குமிழை எங்கேயோ பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். முன்னாடியா இருந்தா பழைய இடத்துக்கே திருப்பி வெச்சிருப்பேன். இப்போது கீபோர்டை ஆன் செய்து, அவள் விட்ட இடத்திலிருந்தே திருகத் தொடங்குகிறேன்.