ஆறுகளின் செக்குபந்தி

ரிக் வேதத்தின் 10-ஆம் மண்டலத்தில் 75-ஆம் பாடல் ஆறுகளைப் போற்றுகிறது. மொத்தம் 9 செய்யுள். அதில் ஐந்தாவது, பத்து ஆறுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது: கங்கை, யமுனை, சரஸ்வதி, சுதுத்ரி, பருஷ்ணி, அசிக்னி, மருத்விருதா, விதஸ்தா, ஆர்ஜீகீயா, சுஷோமா. முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைப் பற்றிய வழக்கு நூறாண்டுக்கு மேலாக ஓயவில்லை. மற்ற ஏழு பெயர்களைப் பள்ளிக்கூடத்து வரைபடத்தில் தேடினால் ஒன்றுகூட அகப்படாது.

ஆனால் அதே வரைபடத்தில் கங்கைமேல் விரலை வைத்து மேற்கே நகர்த்திக்கொண்டு போங்கள். யமுனை வரும், பிறகு சட்லெஜ், ராவி, செனாப், ஜீலம் என்று வரிசையாக வரும். பாட்டும் அந்தத் திசையில்தான் போகிறது. சுதுத்ரி சட்லெஜ், பருஷ்ணி ராவி, அசிக்னி செனாப், விதஸ்தா ஜீலம். பாடியவர் பெயர் சிந்துக்ஷித் என்று மரபு சொல்கிறது. யாராக இருந்தாலும் அந்த நாட்டைத் தெரிந்தவர். கிழக்கே தொடங்கி மேற்கே முடிக்கிறார். பெரிய ஆறுகளில் ஒன்றைக்கூட இடம் மாற்றவில்லை. பியாஸை மட்டும் விட்டுவிட்டார்.

முதன்முதலில் இதை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி என் தொழிலிலிருந்து வந்தது. நான் ஆவண எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து கிரயப் பத்திரம் எழுதுகிறவன். பத்திரத்தில் நிலத்தின் பெயரை எழுதினால் போதாது. 'பெரிய புஞ்சை' இல்லாத ஊர் ஏது? சர்வே எண்ணும் மறு அளவையில் மாறிப்போகும். அதனால் செக்குபந்தி எழுதுவோம். இன்னார் நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு என்று நான்கு பக்கமும் கட்டினால்தான் நிலம் நிற்கும். வேதத்தில் வரும் ஆறுகளுக்கும் இனங்களுக்கும் இடம் தேடிய அறிஞர்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. அண்டை அயலைப் பார்த்துச் சொன்னவர்களின் முடிவு நின்றிருக்கிறது. பெயரின் ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு போனவர்களின் முடிவு அடுத்த தலைமுறையிலேயே ஆட்டம் கண்டிருக்கிறது.

இந்தத் தேடலைத் தொடங்கியவர்கள் ஐரோப்பியர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஈராயிரம் ஆண்டு முன்னதாகவே யாஸ்கர் தொடங்கிவிட்டார். வேதத்தின் அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் தம் நிருக்தத்தில் இந்தச் செய்யுளை எடுத்துக்கொண்டு, பருஷ்ணி என்பது இராவதி என்கிறார். இராவதிதான் இன்றைய ராவி. அதாவது அவர் காலத்திலேயே பழைய பெயர் மக்கள் வாயிலிருந்து மறைந்து, சொல்லி விளக்க வேண்டியதாகிவிட்டது. யாஸ்கர் இன்னொன்றும் சொல்கிறார்: ஆர்ஜீகீயா என்பது விபாஸ், அதாவது பியாஸ். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விதஸ்தாவைத் தாண்டி மேற்கே சொல்லப்படும் ஓர் ஆறு, கிழக்கே சட்லெஜுக்கும் ராவிக்கும் நடுவே கிடக்கும் பியாஸாக எப்படி இருக்க முடியும்? ஐந்து ஆற்று நாட்டில் ஓர் ஆறு விடுபட்டிருப்பது அவருக்கு உறுத்தியிருக்கும். ஆளில்லாத பெயரையும் பெயரில்லாத ஆற்றையும் சேர்த்துவைத்தார் என்று தோன்றுகிறது. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் அண்டை ஒத்துவரவில்லை என்றால் அதை எழுதக்கூடாது.

நடுவில் நமக்குக் கிடைத்த நல்ல சாட்சி கிரேக்கர்கள். கி.மு. 326-இல் அலெக்சாந்தர் படையோடு வந்தபோது, கூட வந்தவர்கள் கடந்த ஆறுகளை எல்லாம் குறித்தார்கள். ஹைடாஸ்பஸ், அகெசினஸ், ஹைட்ரவோட்டஸ், ஹைபாசிஸ் என்று வரும் அந்தப் பெயர்களில் விதஸ்தா, அசிக்னி, இராவதி, விபாஸ் நான்கும் தெளிவாகக் கேட்கின்றன. கடைசி ஆற்றங்கரையில்தான் படை இனி நடக்கமாட்டோம் என்று மறுத்தது. பாட்டு கிழக்கிலிருந்து மேற்கே போகிறது, படை மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகள் எதிரெதிர்த் திசையில் வந்து ஒரே வரிசையைச் சொன்னால், அதற்குமேல் என்ன வேண்டும்? ஜீலத்தைக் காஷ்மீரத்து மக்கள் இன்றும் வ்யத் என்றுதான் சொல்கிறார்கள். அது விதஸ்தாவின் தேய்வு.

அசிக்னிக்கும் விதஸ்தாவுக்கும் நடுவே வரும் மருத்விருதாதான் நெடுநாள் ஆட்டம் காட்டியது. செனாபும் ஜீலமும் கூடியபின் ஓடும் ஒரே ஆற்றுக்கு அந்தப் பெயர் என்று சிலர் கருதினார்கள். 1917-இல் ஆரல் ஸ்டைன் ஒரு சிறு கட்டுரையில் இதற்கு விடை சொன்னார். காஷ்மீர அரசர்களின் வரலாறான ராஜதரங்கிணியை மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்டவர். காஷ்மீரத்து மலைப்பாதைகளைக் காலால் அளந்தவர். கிஷ்த்வார் அருகே, வடக்கிலிருந்து இறங்கிவந்து செனாபில் கலக்கும் மருவர்த்வன் என்ற மலையாற்றை அவர் காட்டினார். பெயரும் ஒத்துப்போகிறது, இடமும் செனாபுக்கும் ஜீலத்துக்கும் நடுவே அமைகிறது. சுஷோமா ராவல்பிண்டிப் பக்கமாக ஓடிச் சிந்துவில் விழும் சோஹன். பெயர், இடம் இரண்டும் பொருந்தினால் ஏற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் கண்டதில்லை.

அடுத்த செய்யுள் சிந்துவைத் தாண்டி அக்கரைக்குப் போகிறது. குபா என்பது காபூல் ஆறு, க்ருமு என்பது குர்ரம், கோமதி என்பது கோமல். மூன்றும் ஆப்கன் மலைகளிலிருந்து இறங்கி மேற்குப் பக்கமாகச் சிந்துவில் சேர்கின்றன. இந்தக் கோமதியிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். லக்னோ நகரத்தின் நடுவே ஓடும் கோமதியைத்தான் நமக்குத் தெரியும். பெயர் அச்சாக ஒன்றே. ஓசையை மட்டும் நம்பினால் லக்னோவுக்குப் போய்விடுவோம். குபாவும் க்ருமுவும் பக்கத்தில் நிற்பதால் தப்பிக்கிறோம். சரயுவும் அப்படித்தான். 5-ஆம் மண்டலத்தில் ஓரிடத்தில் அது ரசா, குபா, க்ருமு, சிந்து ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறது. அயோத்தியின் சரயுவுக்கு அந்தக் கூட்டத்தில் என்ன வேலை? ஹெராத் நகரத்தை ஒட்டி ஓடும் ஹரி ரூத் ஆற்றைப் பலர் சொல்கிறார்கள். சமஸ்கிருதத்தில் 'ச' ஒலி நிற்கும் இடத்தில் பழைய ஈரானிய மொழிகளில் 'ஹ' நிற்கும் என்பது இந்த முடிவுக்குத் துணை.

அதே விதிப்படி சரஸ்வதிக்கும் ஆப்கன் மண்ணில் ஒரு பெயர்த்தோழி உண்டு. ஈரானியரின் பழைய மறையான அவெஸ்தாவில் ஹரஹ்வைதி என்று வருகிறது. பாரசீகப் பேரரசன் தாரயவௌஷின் (டேரியஸ்) பெஹிஸ்துன் பாறைக் கல்வெட்டில் அந்த நாட்டுப் பெயர் ஹரௌவதி. காந்தஹார்ப் பக்கத்து அர்கந்தாப் ஆற்று நிலம் அது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருப்பது, பெயரைச் சுமந்துகொண்டு மக்கள் நடந்தார்கள் என்பதைக் காட்டும். எந்தத் திசையில் நடந்தார்கள் என்பதைப் பெயர் மட்டும் சொல்லாது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டே கிழக்கிலிருந்து போனார்கள் என்றும் மேற்கிலிருந்து வந்தார்கள் என்றும் மேசையைத் தட்டுகிறவர்கள் இருவரையும் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வேதப்பாட்டின் சரஸ்வதிக்கு இடம் காண்பது எளிது. யமுனைக்கும் சட்லெஜுக்கும் நடுவே என்று பாட்டே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த இடைவெளியில் அரியானா வழியாக வந்து ராஜஸ்தான் மணலில் வற்றிப்போகும் கக்கர் ஆறு இருக்கிறது. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் அதன் வறண்ட தடத்துக்கு ஹக்ரா என்று பெயர். சிக்கல் அளவில்தான். 7-ஆம் மண்டலம் அதை மலையிலிருந்து கடல்வரை ஓடும் பேராறு என்கிறது. கக்கரோ மழைக்காலத்து ஓடை. 1874-இல் ராணுவ மருத்துவர் சி. எஃப். ஓல்டாம், முன்பு சட்லெஜின் நீர் இந்தத் தடத்தில் ஓடியிருக்க வேண்டும் என்று எழுதினார். 1940-41 குளிர்காலத்தில் ஆரல் ஸ்டைன், 78 வயதில், பிகானேர், பகவல்பூர் மணல்வெளிகளில் அந்தத் தடத்தைத் தொடர்ந்து போய்ப் பழைய குடியிருப்பு மேடுகளைக் குறித்தார். 1970-களில் ரஃபீக் முகல் சோலிஸ்தானில் நூற்றுக்கணக்கான மேடுகளைப் பதிவு செய்தார்.

மண் மாதிரியை எடுத்துக் காலம் கணித்தவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, சட்லெஜ் இந்தத் தடத்தை விட்டு விலகி 8,000 ஆண்டாவது ஆகிறது என்றது. அப்படியானால் ஹரப்பா மக்கள் வந்து குடியேறியது பேராற்றங்கரையில் அல்ல, அது விட்டுச்சென்ற பள்ளத்தில். 2019-இல் வேறொரு குழு, கக்கர் சுமார் 4,500 ஆண்டுக்கு முன்புவரை வற்றாமல் ஓடியது என்று எழுதியது. இவை அறிவியலாளர் தீர்க்க வேண்டியவை. ரிக் வேதத்துக்குப் பின்னால் வந்த சடங்கு நூலான பஞ்சவிம்ச பிராமணத்தில் இருக்கும் ஒரு செய்தியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். சரஸ்வதி மணலில் மறையும் இடத்திலிருந்து அது பிறக்கும் இடம்வரை குதிரைப் பயணமாக 44 நாள் என்று அங்கே தூரம் சொல்லியிருக்கிறது. ஆறு மறையும் இடத்துக்கு விநசனம் என்ற பெயரும் வந்துவிட்டது. அந்த ஆசிரியர் கண்டது கடலைத் தொடாத ஆறு. புகழ்ப்பாட்டைவிட நாள்கணக்கு சொல்லும் சாட்சியைத்தான் நான் முன்னால் நிறுத்துவேன்.

இனங்களுக்கு இடம் காண்பது ஆறுகளைவிடக் கடினம். ஆறும் இடம் மாறும்தான், ஆனாலும் மனிதரைப்போல அவ்வளவு தூரம் போகாது. 7-ஆம் மண்டலத்தின் 18-ஆம் பாடலில் பத்து அரசர் போர் வருகிறது. பரதர்களின் அரசன் சுதாஸ் பருஷ்ணிக் கரையில் வென்றான். எதிரிகள் ஆற்றைத் திருப்பப் பார்த்தார்கள், வெள்ளம் அவர்களையே கொண்டுபோயிற்று என்று பாட்டு சொல்கிறது. அங்கே ஒரே செய்யுளில் பக்தர், பலானர், அலினர், விஷாணினர், சிவர் என ஐந்து கூட்டங்களின் பெயர் வருகிறது. இந்தப் பக்தருக்கும் இறைவனின் பக்தருக்கும் தொடர்பில்லை.

பக்தர் என்றால் பக்தூன்கள், பலானர் என்றால் போலன் கணவாய்க்காரர்கள் என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதிவருகிறார்கள். போலனுக்கு ஓசையைத் தவிர ஆதாரமே இல்லை. பக்தருக்குக் கொஞ்சம் உண்டு: சிந்துவின் மேற்பகுதியில் பாக்தியர் நாடு இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் ஆப்கன் மொழிகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த நார்வேக்காரர் கியோர்க் மோர்கன்ஸ்டியர்ன அதற்கும் தடை சொன்னார். ஒலி மாறும் முறைப்படி பார்த்தால் பஷ்தூன் என்ற பெயர் பர்சு என்ற பழம்பெயரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயுதம் ஏந்திப் பிழைக்கும் கூட்டங்களில் பர்சுவைப் பாணினியும் சேர்க்கிறார். காதுக்கு ஒத்ததுபோல் கேட்பது வேறு, ஒலிவிதிக்கு உட்பட்டு ஒத்துப்போவது வேறு.

ஐவரில் எனக்கு மனநிறைவு தருபவர் சிவர்தான். அலெக்சாந்தர் ஜீலமும் செனாபும் கூடும் இடத்துக்குக் கீழே, சிவரின் பெயரை ஒத்த சிபோய் என்ற இனத்தைச் சந்தித்தான். தோலை உடுத்தி, கையில் தடி வைத்திருந்தார்கள்; மாடுகளுக்கும் தடி உருவத்தில் சூடு போட்டிருந்தார்கள். தோலும் தடியும் கண்ட கிரேக்கர், இவர்கள் நம் ஹெராக்ளீஸோடு படையெடுத்து வந்தவர்களின் வழியினர் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்திலேயே, ஜங் மாவட்டத்து ஷோர்கோட்டில், ஒரு செம்புக் கொப்பரை கிடைத்தது. அதன்மேல் வெட்டிய எழுத்தில் ஆண்டு 83, ஊர் சிபிபுரம். குப்தர் ஆண்டாகக் கொண்டால் கி.பி. 403. வேதப்பாட்டு, கிரேக்கக் குறிப்பு, செம்பில் வெட்டிய எழுத்து மூன்றும் ராவி, செனாப் வட்டாரத்துக்குள்ளேயே விழுகின்றன. போலன் அருகே பலூசிஸ்தானில் சிபி என்றே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. ஓசையை நம்பினால் அங்கே போயிருப்போம்.

சிபிகளில் ஒரு பிரிவு ராஜஸ்தானுக்கு நகர்ந்தது. சித்தூர்கட் அருகே நாகரியில் 'சிபி ஜனபதம்' என்று பொறித்த காசுகள் கிடைத்திருக்கின்றன. அதற்குமேல் தெற்கே வரும்போது நம்மவர் குறுக்கிடுகிறார்கள். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து துலையேறிய சிபியின் வழிவந்தவர்கள் என்று சங்கப் புலவர்கள் சோழரைப் பாடினார்கள். செம்பியன் என்ற பட்டமும் அதை ஒட்டியது. இதை வைத்து, சோழர் செனாப் கரையிலிருந்து காவிரிக்கு வந்தவர்கள் என்று சொல்வோர் உண்டு. நான் அந்தப் பத்திரத்தை எழுதமாட்டேன். சிபியின் கதை மகாபாரதத்தில் இருக்கிறது, புத்த ஜாதகத்தில் இருக்கிறது. கொடையைப் போற்றும் எந்த அரசவையும் அதை விரும்பி ஏற்றிருக்கும். ஷோர்கோட்டுக்கும் நாகரிக்கும் எழுத்தும் காசும் தாய்ப்பத்திரமாக நிற்கின்றன. நாகரிக்கும் உறையூருக்கும் நடுவே நிற்பது கதை மட்டுமே. கதை வந்த வழியை ஆராயலாம், ஆராயவும் வேண்டும். அரசர்கள் வந்த வழியாக அதைப் பதிவு செய்யக்கூடாது.