காட்டைக் காக்கவும் படிப்பு வேண்டுமா?

ஒரு காட்டுக்கு எல்லை வகுத்துக் காவல் போட்டுவிட்டால், அது தானே பிழைத்துக்கொள்ளும் என்று நீங்கள் எண்ணலாம். ராஜஸ்தானத்தின் பரத்பூர் வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது.

அங்குள்ள கேவலாதேவ் சதுப்பு நிலம் நீர்ப்பறவைகளுக்குப் பெயர்பெற்றது. சுற்றுப்புறக் கிராமத்தார் அதில் எருமை மேய்த்து வந்தனர். பறவைகளின் நலன் கருதி 1982-ல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, சிலர் உயிரிழந்தனர். விளைவு என்ன? எருமைகள் தின்றுவந்த புல் மண்டி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது, பறவைகள் குறைந்தன. புல்லை அடக்கி வைத்திருந்தவை எருமைகளே என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு புலப்படுத்தியது.

இத்தகைய உறவுகளைக் கற்றறிந்த அதிகாரிகள் அன்று மிகச் சிலரே. டேராடூனில் 1878-ல் தோன்றிய வனப் பள்ளியின் வழிவந்த கல்வி, மரம் வளர்ப்பதையும் வெட்டுவதையுமே முதன்மையாகக் கொண்டிருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தபின், மரக்கணக்கில் தேர்ந்தவர்கள் விலங்கின் கணக்கையும் கற்க வேண்டியதாயிற்று.

பரத்பூரில் தடை வந்த அதே 1982-ல்தான் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது வன அதிகாரிகளுக்கு முதுநிலைப் பட்டயப் பயிற்சி அளித்தது, 1988-ல் எம்.எஸ்சி. வகுப்பையும் தொடங்கியது. பயிற்சி பெறுவோர் காட்டுக்கே சென்று விலங்குகளையும் தாவரங்களையும் கணக்கிடுவர். கிராமத்தாரின் வாழ்க்கையை ஆராய்வர். பின்னரே மேலாண்மைத் திட்டம் தீட்டுவர்.

இந்த வரிசை முக்கியமானது. பரத்பூரில் தடை முந்திக்கொண்டது; ஆய்வின் முடிவு பிந்தி வந்தது. மனிதரும் பறவைகளும் சேர்ந்தே இழந்தனர். காடு காக்கும் பணியை விரும்பும் மாணவர்கள் இதையே முதற்பாடமாகக் கொள்ளலாம்.