அரசியல் பேசக்கூடாத மாலைகள்: இலண்டனில் இந்திய மாணவர்கள், 1870–1910

இங்கிலாந்துக்குப் படிக்கச் செல்லும் நண்பர்கள் பலரும் முதற்பருவத்திலேயே ஒரு நகருலாப் படத்தையும் ஒரு தேநீர் விருந்துப் படத்தையும் பகிர்வதைப் பார்க்கிறோம். அயல்நாட்டு மாணவர்க்குப் பல்கலைக்கழகம் செய்யும் எளிய உபசாரமாகவே இவை நமக்குத் தோன்றுகின்றன. ஆனால் இந்திய மாணவர்களைப் பொறுத்தவரை இவ்வுபசாரத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மையத்தில் ஒரு விதி இருக்கிறது: இங்கே அரசியல் பேசக்கூடாது. அந்த விதி யாருக்கு வசதியாக இருந்தது, அதைக் காப்பாற்ற முடிந்ததா என்பதே இப்பதிவின் கேள்வி.

1870இல் மேரி கார்ப்பெண்டர் பிரிஸ்டலில் தேசிய இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவைப் பற்றிய அறிவை ஆங்கிலேயரிடையே பரப்புதல், இந்தியாவில் கல்வியையும், குறிப்பாகப் பெண்கல்வியையும், சமூகச் சீர்திருத்தத்தையும் ஊக்குவித்தல், இருநாட்டவரிடையே நட்புறவு வளர்த்தல் என்பன அதன் நோக்கங்கள். சமயத்தில் தலையிடுவதில்லை, அரசியல் சர்ச்சையைத் தவிர்ப்பது என்பதையும் சங்கம் வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. 1877இல் கார்ப்பெண்டர் மறைந்தபின் எலிசபெத் அடிலெய்ட் மேனிங் செயலாளரானார். 1905இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். மாலை விருந்துகள், சொற்பொழிவுகள், இலண்டனின் புகழ்பெற்ற இடங்களுக்கு உலாக்கள் என்று மாணவர்க்கான ஏற்பாடுகள் அவர் காலத்தில் நிலைபெற்றன. உணவு விடுதியையும் வாடகை அறையையும் மட்டுமே அறிந்த மாணவனுக்கு ஆங்கிலக் குடும்பமொன்றின் வரவேற்பறை திறப்பது சிறிய உதவியன்று. மேனிங்கின் அன்பு போலியானது என்று நான் கருதவில்லை. எனினும் எந்த இங்கிலாந்தைக் காட்டுவது என்பதைத் தேர்ந்தவர்கள் விருந்தளித்தவர்களே.

அந்த வரவேற்பறையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்த ஒரு சட்ட மாணவரை நாம் அறிவோம். மேனிங்கின் வீட்டில் யாரேனும் பேச்சுக்கொடுத்தாலன்றித் தாம் பேசியதில்லை என்று காந்தி தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். அங்கேதான் மேனிங் அவருக்கு நாராயண ஹேமசந்திரரை அறிமுகம் செய்துவைத்தார். ஹேமசந்திரர் குஜராத்தி எழுத்தாளர். கசங்கிய பழுப்புக் கோட்டு, குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி, நீண்ட தாடி; கழுத்துப் பட்டையும் இல்லை, டையும் இல்லை. அவருக்கு ஆங்கிலம் கற்பிக்கக் காந்தி முன்வந்தார். பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் வேறுபாடு தெரியாத மாணவர் அவர். தம் எண்ணத்தை வெளியிட இலக்கணம் வேண்டும் என்று தாம் ஒருபோதும் உணர்ந்ததில்லை என்று ஆசிரியருக்கே பாடம் சொன்னவர். மொழியியல் வகுப்பில் முதல்நாளே வாசிக்க வேண்டிய பகுதி என்பேன்.

இவ்விருவரும் தாமாக மேற்கொண்ட ஓர் உலா, எந்தச் சங்கத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெற்றிருக்க முடியாதது. 1889ஆம் ஆண்டு இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சமரசமாக முடிப்பதில் கர்தினால் மேனிங் பெரும்பங்காற்றினார். (செயலாளருக்கும் இவருக்கும் பெயர் ஒன்று, ஆள் வேறு.) அதைப் படித்த ஹேமசந்திரர், உலகின் சான்றோரைத் தேடிச்சென்று காண்பது தம் வழக்கம், ஆகவே இவரையும் காணவேண்டும் என்றார். காந்தி கடிதம் எழுதி நேரம் பெற்றார். காந்தி விருந்தினர்க்குரிய உடையில் சென்றார். ஹேமசந்திரர் அதே கோட்டில் சென்றார். வேலைநிறுத்தக்காரர்களுக்குச் செய்த நன்மைக்காக ஹேமசந்திரர் குஜராத்தியில் நன்றி கூற, காந்தி ஆங்கிலத்தில் பெயர்த்தார். சில நிமிடங்களில் சந்திப்பு முடிந்தது. வரவேற்பறையில் ஊமையாக இருந்தவர் இங்கே மொழிபெயர்ப்பாளராகப் பேசுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் காணச் சென்றது தேவாலயத்தின் கட்டடக்கலையை அன்று. பிரிட்டனின் தொழிலாளர் அரசியல் தொட்ட ஒரு மனிதரை.

1905 ஜூலை 1 அன்று சியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட்டில் இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் விடுதியைத் திறந்தார். திறந்துவைத்தவர் ஆங்கிலேய சோசலிஸ்ட் ஹிண்ட்மன். அங்கு அரசியல் பேசுவதுதான் பண்பாட்டு நிகழ்ச்சி. திருச்சி வரகனேரியிலிருந்து சட்டம் படிக்கச் சென்ற வ.வே.சு. ஐயரும், மருத்துவம் படிக்கச் சென்ற தி.சே.சௌ. ராஜனும் அவ்வட்டத்தில் இருந்தவர்கள். அப்போது பிரிட்டனில் இந்திய மாணவர் ஏறத்தாழ 700 பேர். அரசு அஞ்சியது. 1907இல் லீ-வார்னர் குழு விசாரித்து அறிக்கை தந்தது, அறிக்கை வெளியிடப்படவில்லை. 1909இல் மாணவர்க்கென ஒரு தகவல் அலுவலகம் அமைந்தது, டி.டபிள்யூ. ஆர்னல்ட் கல்வி ஆலோசகரானார்.

அதே 1909ஆம் ஆண்டு, அதே ஜூலை 1. தெற்குக் கென்சிங்டனில் உள்ள இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் தேசிய இந்தியச் சங்கத்தின் ஆண்டு 'அட் ஹோம்'. பெரிய பொதுமண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு 'இல்லத்தில் இருக்கிறோம்' என்று பெயர்! நம் குடியரசுத் தலைவர் மாளிகையும் ஆளுநர் மாளிகைகளும் சுதந்திர நாளில் தரும் தேநீர் விருந்துக்கு இன்றும் அதே பெயர்தான். அம்மாலையின் முடிவில், இலண்டன் பல்கலைக் கல்லூரியின் பொறியியல் மாணவர் மதன்லால் திங்க்ரா, இந்திய அமைச்சரின் உதவியாளரான கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்றார். தடுக்க முயன்ற பார்சி மருத்துவர் லால்காக்காவும் இறந்தார். ஆகஸ்ட் 17 அன்று திங்க்ரா தூக்கிலிடப்பட்டார்.

இக்கொலையை வீரம் என்றோ வெறி என்றோ கூறிக் கடந்துவிடுவோர் ஒரு சிறுசெய்தியைத் தவறவிடுகின்றனர். திங்க்ராவைக் கவனித்துக்கொள்ளுமாறு அவர் குடும்பத்தார் வைலிக்கு எழுதியிருந்தனர். வைலியும் உதவ முன்வந்து திங்க்ராவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். 'கவனித்துக்கொள்' என்ற தமிழ் வினைக்குள் பராமரிப்பும் உண்டு, கண்காணிப்பும் உண்டு. அக்கடிதத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிய எந்த மாணவனுக்கும் வழியில்லை. லால்காக்காவின் சாவை நியாயப்படுத்த என்னால் இயலாது. ஆனால் அந்த மண்டபம் அரசியலற்ற இடமாக இருந்தது என்றும் கூற இயலாது.

நான்கு திங்கள் கழித்து, அக்டோபர் 24 அன்று, இலண்டன் இந்தியர் விசயதசமி விருந்து நடத்தினர். தலைமை காந்தி, பேச்சாளர்களுள் ஒருவர் சாவர்க்கர். சமைத்துக்கொண்டிருந்த இளைஞர்களோடு ஒல்லியான ஒருவர் வந்து காய்கறி நறுக்கி, பாத்திரம் கழுவினார் என்றும், ஐயர் வந்து சொன்ன பின்னரே அவர்தாம் தலைவர் என்று தெரிந்தது என்றும் ராஜன் நினைவுகூர்ந்திருக்கிறார். உணவு சைவமாக இருக்கவேண்டும், சர்ச்சைக்குரிய அரசியல் பேசக்கூடாது என்பன காந்தியின் நிபந்தனைகள் என்பர். மீண்டும் அதே விதி! ஆகவே இருவரும் இராமாயணம் பேசினர். இராமன், சீதை ஆகியோரின் துன்பமேற்கும் அறத்தைக் காந்தி எடுத்துக்கொண்டார். இராவணனை வீழ்த்திய பின்னரே இராமராச்சியம் வந்தது என்பது சாவர்க்கரின் வாதம். வன்முறையா, சத்தியாகிரகமா என்ற அந்நூற்றாண்டின் பெருவிவாதம் அரசியல் என்ற சொல்லே இல்லாமல் நடந்து முடிந்தது. சில வாரங்களில், நவம்பர் 13 முதல் 22 வரை, கில்டோனன் காசில் கப்பலில் காந்தி 'இந்து சுவராச்சிய'த்தை எழுதினார். அந்நூலில் வாசகராக வந்து எதிர்வாதம் புரிபவரிடம் அவர் இலண்டனில் கண்ட இளைஞர்களின் குரல் கேட்கிறது.

1910இல் தேசிய இந்தியச் சங்கம், அரசின் தகவல் அலுவலகம், மாணவர் தங்கும் அறைகள் யாவும் 21, கிராம்வெல் சாலை என்ற ஒரே வீட்டுக்குள் வந்தன. விருந்தளிப்பவரும் கோப்பு எழுதுபவரும் ஒரே படிக்கட்டில் ஏறியிறங்கினர். அவ்வீடு வேவு பார்க்கும் இடம் என்று மாணவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து லிட்டன் குழு அந்த ஐயத்தைத் தன் அறிக்கையில் பதிவு செய்தது. மறைத்துவைத்த 1907ஆம் ஆண்டு அறிக்கையும் அதன் பின்னிணைப்பாகவே முதன்முதலில் அச்சேறியது. 1910இல் மாறுவேடத்தில் இலண்டனைவிட்டுத் தப்பிப் புதுச்சேரி சேர்ந்த ஐயர், இதற்கிடையில் 'தேசபக்தன்' கட்டுரைக்காகப் பெல்லாரிச் சிறைக்குச் சென்றிருந்தார். அங்கே அவர் எழுதத் தொடங்கியது கம்பராமாயண ஆய்வு, அதுவும் ஆங்கிலத்தில்.