எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்

1899ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. மேசையில் படுத்திருந்த பெண்ணின் எடை 285 பவுண்டு. நம் கணக்கில் 129 கிலோ. மகளிர் நோய் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி அவருடைய வயிற்றைக் குறுக்காகக் கீறி, தொங்கிக் கிடந்த தோலையும் கொழுப்பையும் ஒரே துண்டாக வெட்டி எடுத்தார். துண்டின் நீளம் 90 செ.மீ., அகலம் 31 செ.மீ. தராசில் வைத்தபோது 7,450 கிராம் காட்டியது. தொப்புளும் அந்தத் துண்டோடு போயிற்று.

அதே எடையோடு ஒருவர் இன்று அழகியல் அறுவை மருத்துவரிடம் போய் ‘டம்மி டக்’ எனும் வயிற்றைச் சீராக்கும் அறுவையைச் செய்யச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள். பருத்தவர்களுக்காகப் பிறந்த அறுவை, நூறு ஆண்டுகளுக்குள் பருத்தவர்களைத் திருப்பி அனுப்பும் அறுவையாகிவிட்டது.

தொந்தியைக் கத்தியால் தீர்க்கும் ஆசை கெல்லியோடு தொடங்கியதல்ல. ரோமானிய அறிஞர் மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலில், லூசியஸ் அப்ரோனியஸ் என்ற பிரமுகரின் மகனுக்குக் கொழுப்பை வெட்டியெடுத்து உடற்சுமையைக் குறைத்ததாகக் குறித்திருக்கிறார். யூதர்களின் தல்மூதில் எலாசர் பென் ஷிமோன் என்ற ரப்பியின் கதை வருகிறது. அவருக்குத் தூக்க மருந்து கொடுத்து, பளிங்கு மாளிகைக்குக் கொண்டுபோய், வயிற்றைத் திறந்து கூடை கூடையாகக் கொழுப்பை எடுத்தார்களாம். இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்று பிரித்தறிய வழியில்லை. ஆனால் இரண்டிலும் கதாநாயகர்கள் பெருத்த உடல்காரர்கள்.

நவீன மருத்துவத்திலும் தொடக்கம் அப்படித்தான். 1890இல் பிரான்சில் டெமார்ஸ், மார்க்ஸ் என்ற இருவர் வயிற்றிலிருந்து பெரிய அளவில் தோலையும் கொழுப்பையும் அகற்றினார்கள். அடிவயிறு முன்றானைபோலத் தொடைமேல் தொங்கினால் நடப்பது சிரமம். மடிப்புக்குள் வியர்வை தேங்கிப் புண்ணாகும், நாற்றமெடுக்கும். அந்தச் சுமையை இறக்குவதே நோக்கம்; அழகு அன்று யாருடைய கணக்கிலும் இல்லை. கெல்லி இதை ‘லிபெக்டமி’ என்று அழைத்தார். கொழுப்பை வெட்டியெடுத்தல் என்பதே அதன் பொருள்.

அழகு உள்ளே நுழைந்ததற்கு அடையாளம் தொப்புள். அது போனால் போகட்டும் என்று இருந்த நிலை மெல்ல மாறியது. சிகாகோவின் மாக்ஸ் தோரெக் 1920களில் தொப்புளைக் காப்பாற்றும் முறையை எழுதினார். 1957இல் வெர்னன் என்பவர், தோலைக் கீழே இழுத்துத் தைத்தபின் புதுத் துளையிட்டுத் தொப்புளை அதன் இடத்திலேயே வெளிக்கொணரும் முறையை விளக்கினார். சுமையை மட்டும் இறக்குவதானால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. அந்த வயிறு இனி பிறர் கண்ணில் படப்போகிறது என்று மருத்துவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

கண்ணில் படவைத்தது பிகினி. 1946இல் பாரிஸில் லூயி ரெயார் அறிமுகம் செய்த அந்த உடை ரியோ டி ஜெனீரோவின் கடற்கரைகளில் அன்றாடமானது. அதே ஊரில் ஈவோ பிட்டாங்கி என்ற அறுவை மருத்துவர் 1967இல், தொடர்ச்சியாகச் செய்த 300 வயிற்று அறுவைகளின் அனுபவத்தை வெளியிட்டார். பணக்காரர்களுக்குத் தனி மருத்துவமனை நடத்திய அவர், சாந்தா காசா தரும மருத்துவமனையில் ஏழைகளுக்கும் இதே அறுவைகளைச் செய்யவும் கற்பிக்கவும் செய்தார். 1973இல் கலிபோர்னியாவின் ஃபிரெடரிக் கிரேசர், தழும்பு பிகினிக்குள் மறையும்படி கீறும் முறையை எழுதினார்.

தழும்பு கீழே இறங்க இறங்க, மேசையில் படுப்பவர்களும் மாறினார்கள். 129 கிலோ எடையுள்ளவர்களின் இடத்தில், இரண்டு மூன்று பிள்ளை பெற்று, வயிற்றுத் தோல் தளர்ந்துபோன, ஓரளவு ஒல்லியான பெண்கள் வந்தார்கள். பிரசவத்தில் விலகிப்போன நடு வயிற்றுத் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைப்பது அறுவையின் முக்கியப் பகுதியாயிற்று.

இந்தத் தையல்தான் பருத்தவர்களுக்குச் சிக்கல். வயிற்றுக் கொழுப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. தோலுக்கடியில் இருப்பது கையில் பிடிபடும்; கத்திக்கும் எட்டும். குடலைச் சுற்றி, தசைக்கு உள்ளே இருப்பது எட்டாது. உள்ளே நிறைந்திருக்கும்போது மேலே தசையை இறுக்கித் தைப்பது, பிதுங்கும் மூட்டையின் வாயைக் கட்டுவதுபோல. தையல் தளரலாம். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, மூச்சுக்கும் கால்களிலிருந்து ரத்தம் திரும்புவதற்கும் இடைஞ்சலாகலாம்.

ஆபத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கமும் அப்போதுதான் வந்தது. கிரேசரும் கோல்ட்வினும் 1977இல் அறுவை மருத்துவர்களிடம் கேட்டு 10,490 வயிற்று அறுவைகளின் கணக்கைத் திரட்டினார்கள். கால் நாளத்தில் ரத்தம் உறைந்தது நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். நுரையீரலுக்கு ரத்தக்கட்டி ஏறியது ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு. அழகுக்காகப் படுத்தவர்களுக்கு இது சிறிய எண்ணிக்கை அல்ல. இரண்டு ஆண்டுகளில் ஹியூகர் என்பவர் வயிற்றுத் தோலுக்கு ரத்தம் எந்தெந்த வழியில் வருகிறது என்று மண்டலம் பிரித்துக் காட்டினார். அறுவையில் நடுப்பகுதிக்கான குழாய்கள் பெரும்பாலும் அறுபட, ஓரக் குழாய்களை நம்பியே தோல் பிழைக்கிறது. கொழுப்புக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு. அடுக்கு தடித்தால் காயம் ஆறத் தாமதமாகும், நீர் கட்டும், சீழ் பிடிக்கும். புகைபிடிப்பவர் என்றால் தோலே கருகும்.

யார் பருத்தவர் என்பதற்கு ஓர் எண்ணும் கிடைத்தது. பெல்ஜியத்து அடோல்ஃப் கெத்லே 1830களில் கண்டுபிடித்த எடை–உயர விகிதத்துக்கு 1972இல் ஆன்சல் கீஸ் ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்று பெயர் வைத்தார். 30ஐ எட்டினால் உடல் பருமன் என்ற கோட்டைப் பல அழகியல் மருத்துவர்கள் தங்கள் வாசற்படியாக்கிக் கொண்டார்கள். இந்திய உடல்வாகில் கொழுப்பு வயிற்றிலேயே முதலில் சேர்வதால், இந்திய நிபுணர்கள் 2009இல் பருமன் என்பதை 25இலேயே தொடங்கினார்கள்.

குறுக்குவழி கிடைக்காதா என்று தேடியவர்களும் உண்டு. 1920களில் பாரிஸில் ஒரு பெண்ணின் கெண்டைக்காலிலிருந்து சுரண்டிக் கொழுப்பெடுக்கப் போய், கால் அழுகி, அதையே வெட்ட நேர்ந்தது. வழக்கு நீதிமன்றம் போனது. 1977இல் அதே நகரில் இவ் ஜெரார் இல்லூஸ் மழுங்கிய குழாயால் உறிஞ்சும் லிபோசக்ஷனைத் தொடங்கினார். மரத்துப்போகும் மருந்து கலந்த நீரை முதலில் செலுத்தும் முறையை ஜெஃப்ரி கிளைன் 1987இல் வெளியிட, ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பது பெரிய அளவு என்று கருதப்படுகிறது. உட்கொழுப்புக்குக் குழாயும் போகாது.

எடைக்கு வேறு கதவு திறந்தது அயோவாவில். எட்வர்ட் மேசன் 1966இல் செய்த இரைப்பை பைபாஸ், வயிற்றின் வெளிக்கொழுப்பை வெட்டாமல் உள்ளே உணவின் வழியை மாற்றியது. அது பரவியபின் 40, 50 கிலோ இழந்தவர்கள், காற்றுப்போன பலூன்போலத் தோல் தொங்க, மறுபடி அழகியல் மருத்துவரிடம் வந்தார்கள். எடை ஆறு மாதமாவது நிலையாக நிற்கட்டும் என்று காத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் அவர்களுக்குத் தோலை வெட்டுகிறார்கள்.

முடிவெடுக்க மருத்துவர் செய்யும் ஒரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். மல்லாக்கப் படுக்கச் சொல்வார். வயிறு விலா மட்டத்துக்குக் கீழே தாழ்ந்தால் மிச்சம் தோலும் மேல்கொழுப்பும்தான். மேடாகவே நின்றால் கொழுப்பு உள்ளே இருக்கிறது.

கெல்லியின் பழைய அறுவை அழிந்துவிடவில்லை. மடிப்பில் ஆறாத புண்ணோடு வருபவர்களுக்குத் தொங்கும் பகுதியை மட்டும் அகற்றும் அதற்கு இப்போது ‘பேனிகுலெக்டமி’ என்று பெயர். டம்மி டக்குக்குப் பணம் தராத அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவத் தேவை நிரூபணமானால் இதற்குத் தருவதுண்டு. இதில் தசையைத் தைப்பதில்லை. சில சமயம், 1899இல் போலவே, தொப்புளும் போய்விடும்.