காணாமல் போன தங்கமும் கோலார் கணக்கும்

தோழர்களே, கோலார் தங்கவயல் என்றதும் ஆழத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு பக்கமிருந்து போன நம் ஆதிதிராவிட மக்கள். மேலே இருந்த ஆலையின் கணக்கை நாம் அதிகம் பார்த்ததில்லை. அதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் ‘திருட்டு’ என்ற சொல்லுக்கு அங்கேயும் ஒரு வேர் இருக்கிறது.

தாதுவை இடித்துத் தூளாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் தண்ணீரோடு ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் போனதைப் பின்னாளில் சயனைடில் கரைத்து எடுத்தார்கள். அப்படியும் முழுவதும் கிடைக்காது. கந்தகக் கனிமத்துக்குள் சிக்கியது, பொடியாகி நீரோடு போனது, இயந்திர இடுக்குகளில் தங்கியது என்று இழப்பு பலவகை.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். டன்னுக்கு 10 கிராம் வீதம் 1000 டன் தாது ஆலைக்குள் போகிறது. இருக்க வேண்டியது 10 கிலோ. கையில் வந்தது 9.2 கிலோ. கழிவு மண்ணைச் சோதித்தால் 0.5 கிலோ. மீதி 300 கிராம் எங்கே? யாரோ எடுத்திருக்கலாம். ஆனால் அந்த ‘10 கிராம்’ என்பதே கைப்பிடி மாதிரியிலிருந்து வந்த மதிப்பீடு. தாதுவில் தங்கம் சீராகப் பரவியிருப்பதில்லை. மாதிரியில் ஒரு துணுக்கு கூடுதலாக விழுந்தாலே எண் ஏறிவிடும். உண்மை அளவு 9.7 கிராம் என்றால் எதுவுமே காணாமல் போகவில்லை!

இன்னொன்று. இந்தக் கணக்கு ஆலை வாசலில்தான் தொடங்குகிறது. சுரங்கத்துக்குள் நிற்கிறவருக்கும் இந்த 300 கிராமுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் சந்தேகம் யார் உடம்பின் மேல் விழுந்தது? சோதனை, வேலி, காவல் எல்லாம் தொழிலாளிக்குத்தான். திருட்டே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை, நடந்தது. ஆனால் மாதிரி எடுத்த துரையின் சட்டைப்பையை யாரும் தடவிப் பார்த்ததாக நாம் படித்ததில்லை. 1930-இல் எல்லாத் தொழிலாளரிடமும் கைரேகை வாங்க நிர்வாகம் முனைந்தபோது வேலைநிறுத்தம் வெடித்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் படியுங்கள். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. சுயமரியாதை அவர்களுக்குப் புதிய பாடமில்லை.

சரி, உண்மையான பெரிய இழப்பு எங்கே போனது? ஒளியவே இல்லை. ஊர் நடுவே ‘சயனைடு மலை’யாக நிற்கிறது. 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன் கழிவு மண். நிர்வாகமே ‘ஏற்கத்தக்க இழப்பு’ என்று நாள்தோறும் எழுதித் தள்ளிய தங்கம் அது. காற்றடித்தால் அந்தத் தூசி தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் வருகிறது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. 2024-இல் அந்த மேடுகளை ஏலம் விட்டுத் தங்கம் எடுக்க கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏலத் தொகையில் குடியிருப்பு மக்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வியோடுதான் நாம் அங்கே போக வேண்டும்.