உளவியலாளரும் உரிமச் சட்டமும்: அமெரிக்க மாநிலங்களின் அனுபவம்

உடற்பிணி தீர்க்கும் வைத்தியனுக்குக் கத்தியும் மருந்தும் கருவிகளாகும். உளத்துயர் தீர்க்க முயல்வோனுக்கோ பெரும்பாலும் சொல்லே கருவியாகும். கத்தியை எவர் கையாளலாம், கடுமருந்தை எவர் கொடுக்கலாம் என அரசு வரையறுத்தல் எளிது. சொல்லோ மக்கள் யாவர்க்கும் பொதுவானது. தாய் மகனைத் தேற்றுகின்றாள். ஆசிரியர் மாணாக்கனுக்கு வழிகாட்டுகின்றார். சமயப் பெரியார் அடியாரின் கவலையைக் கேட்டு ஆற்றுகின்றார். இவருள் எவரையும் சட்டம் தடுத்தல் தகாது. ஆயினும், கல்லாதவனொருவன் உளநோய் தீர்க்க வல்லேன் எனக் கூறிப் பொருள் பறிப்பானாயின், நலிந்தோரை அவனிடமிருந்து காத்தல் அரசின் கடனன்றோ? இவ்விரண்டுக்குமிடையே நேரிய எல்லையொன்றை வகுக்க ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு ஆராயத்தக்கது.

அந்நாட்டிலே தொழில்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் பெரும்பாலும் மத்திய அரசிடம் இல்லை. மக்களின் நலத்தையும் பாதுகாப்பையும் பேணும் பொறுப்போடு அஃது மாநிலங்களைச் சார்ந்துள்ளது. வைத்தியத் தொழிலுக்கு உரிமம் வேண்டுமென மேற்கு வேர்ஜினியா மாநிலம் இயற்றிய சட்டம் செல்லுபடியாகுமென நாட்டின் உச்ச நீதிமன்றம் 1889 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. எனவே, உளவியல் ஒரு தொழிலாக உருப்பெறத் தொடங்கியபோது வைத்தியர்களுக்கு வேலியும் காவலும் முன்னரே அமைந்திருந்தன.

உளவியலோ முதலில் ஆய்வுகூடத்துக்குரிய கல்வியாகவே இருந்தது. அமெரிக்க உளவியற் சங்கம் 1892 இல் நிறுவப்பட்டபோது அதன் உறுப்பினர் நோயாளரை நாடியவரல்லர், அறிவை நாடியவர். 1896 இல் லைற்னர் விற்மர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடக்கினார். அன்றே உளவியல் ஆய்வுகூடத்தின் வாயிலைக் கடந்து வெளிவந்தது எனலாம். முதலாம் உலகப் போரின்போது ஏறக்குறைய 17 இலட்சம் படையினர்க்கு நுண்ணறிவுச் சோதனைகள் நடத்தப்பட்டமையால் உளவியலாளரின் பெயர் நாடெங்கும் பரவியது. பெயர் பரவவே எதிர்ப்பும் எழுந்தது. வைத்தியரல்லாதார் மனநிலை பற்றி முடிவு கூறுதல் முறையன்றென நியூயோர்க்கின் மனநோய் வைத்தியர்கள் கண்டித்தனர். 1917 இன் இறுதியில் உளவியலாளர் சிலர் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டமைக்கு இத்தகைய எதிர்ப்பும் ஒரு காரணமாகும்.

இரண்டாம் உலகப் போர் நிலைமையை முற்றாக மாற்றியது. போர்முனையிலிருந்து உளம் சிதைந்து மீண்டோர் தொகை பெரிது. அவர்களைக் கவனிக்கத்தக்க மனநோய் வைத்தியர் தொகை சிறிது. முன்னாட் படையினர்க்கான மத்திய நிருவாகம் 1946 இல் உளவியலாளரைப் பயிற்றும் பெருந்திட்டத்தை மேற்கொண்டது. 1949 இல் கொலறாடோ மாநிலத்துப் போல்டர் நகரிற் கூடிய மாநாடு, சிகிச்சை உளவியலாளர் ஆய்வாளராகவும் தொழில் வல்லுநராகவும் கலாநிதிப் பட்டம்வரை பயிலல் வேண்டுமென்ற கொள்கையை நிலைநாட்டியது. பயின்றோர் பெருகியபோது, பயிலாது அப்பெயரைச் சூடியோரிடமிருந்து அவரைப் பிரித்தறியும் தேவையும் பெருகியது.

அத்தேவையை முதலில் உணர்ந்து 1945 இல் சட்டமியற்றிய மாநிலம் கொனெற்றிக்கட் ஆகும். அடுத்த ஆண்டில் வேர்ஜினியா அதனைப் பின்பற்றியது. ஈண்டு ஒரு நுட்பமான வேறுபாடு நோக்கற்பாலது. கொனெற்றிக்கட் சட்டம் பெயரை மட்டுமே காத்தது. தகுதியில்லாதவன் தன்னை உளவியலாளன் எனக் கூறிக்கொள்ளலாகாது. ஆனால், அப்பெயரை விடுத்து அதே வேலையைச் செய்வானாயின் சட்டம் அவனைத் தீண்டாது. இஃது அத்தாட்சிச் சட்டம் எனப்படும். தொழில் இன்னதென வரையறுத்து, உரிமமின்றி அதனைச் செய்வதையே குற்றமாக்குவது உரிமச் சட்டம் எனப்படும். முன்னது பெயருக்குக் காவல். பின்னது தொழிலுக்கு வேலி. மாநிலங்கள் பல முன்னதிலிருந்து பின்னதை அடையப் பல்லாண்டுகள் சென்றன. சொல்லால் ஆற்றும் தொழிலுக்கு எங்கே வேலி நடுவது என்பது எளிதில் விளங்காமையே அதற்கு முதற் காரணமாகும்.

இரண்டாவது காரணம் வைத்தியரின் எதிர்ப்பு. இவ்வழக்கு ஐரோப்பாவிலும் முன்னர் எழுந்ததே. வைத்தியப் பட்டம் பெறாத உளப்பகுப்பாளரான தியடோர் றைக் மீது வியன்னா நகரிற் போலி வைத்தியக் குற்றம் சாட்டப்பட்டபோது, சிக்மண்ட் பிராய்ட் 1926 இல் அவருக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். பின்னர் றைக் அமெரிக்காவிற் குடியேறியபோதும், வைத்தியரல்லர் என்ற அதே காரணத்தால் நியூயோர்க்கின் உளப்பகுப்புச் சங்கம் அவரை முழு உறுப்பினராக ஏற்கவில்லை. உளச்சிகிச்சை வைத்தியத்தின் ஒரு கூறே என அமெரிக்க வைத்தியச் சங்கமும் அதனோடிசைந்த சங்கங்களும் 1954 இல் அறிவித்தன. நியூயோர்க்குச் சட்டசபை நிறைவேற்றிய உளவியலாளர் மசோதாவை 1951 இல் ஆளுநர் டியூயி கையொப்பமிட மறுத்து வறிதாக்கினார். 1956 இலேயே அங்கு அத்தாட்சிச் சட்டம் நிலைபெற்றது.

நீதிமன்றங்களும் இவ்வளர்ச்சியிற் பங்குகொண்டன. குற்றஞ் சாட்டப்பட்டோரின் மனநோய் குறித்து உரிய பயிற்சி பெற்ற உளவியலாளர் நிபுணராகச் சாட்சியமளிக்கலாமென வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1962 இற் கூறியது. மாநிலச் சபைகள் 1961 இல் ஒரு பொதுச் சங்கமாக இணைந்தன. 1965 முதல் மாநிலங்களுக்குப் பொதுவான எழுத்துப் பரீட்சை நடைமுறைக்கு வந்தது. கலிபோர்ணியா 1967 இல் அத்தாட்சி நிலையிலிருந்து உரிம நிலைக்கு உயர்ந்தது. 1977 இல் மிசூரியும் சட்டமியற்றவே ஐம்பது மாநிலங்களும் நிறைவுற்றன. முதற் சட்டத்துக்கும் இறுதிச் சட்டத்துக்கும் இடையே கழிந்தவை 32 ஆண்டுகள்.

எனினும், வேலி முற்றுப்பெற்ற வேளையிலேயே அதன் பயன் குறித்த ஐயமும் எழுந்தது. உரிமச் சட்டங்கள் நோயாளரைக் காப்பதாகக் கூறித் தொழிலாளரின் வருவாயையே காக்கின்றன எனச் சிலர் வாதித்தனர். இவ்வாதம் முற்றும் தள்ளத்தக்கதன்று. பரீட்சையில் தேறியவன் எல்லாம் பரிவுடையவன் என்பதற்கு உறுதியில்லை. போட்டி குறையுமிடத்து ஊதியம் உயர்தலும், வறியோர் உதவி பெறாதொழிதலும் இயல்பே. சட்டங்களைக் காலந்தோறும் மீளாய்வு செய்து, வேண்டாதவற்றைக் காலாவதியாக விடும் முறை அக்காலத்துப் பல மாநிலங்களிற் பரவியது. அதன்படி புளோரிடாவின் உளவியலாளர் சட்டம் 1979 இல் காலாவதியாயிற்று. அந்நிலையில் எவரும் அப்பெயரைச் சூடிக்கொள்ள வழி பிறந்தது. 1981 இல் அம்மாநிலம் மீண்டும் சட்டமியற்றியது. குறையுள்ள வேலியாயினும் அஃது இல்லாதபோதே அதன் தேவை தெரியவந்தது.

உரிமம் தரும் உயர்வோடு கடமையும் கூடவே வரும் என்பதைக் கலிபோர்ணியா உயர் நீதிமன்றத்தின் 1976 ஆம் ஆண்டுத் தீர்ப்பு உணர்த்திற்று. பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்து உளவியலாளரிடம் சிகிச்சை பெற்ற இளைஞனொருவன், தான் ஒரு பெண்ணைக் கொல்ல எண்ணியமையை அவரிடம் வெளிப்படுத்தினான். உளவியலாளர் பல்கலைக்கழகப் பொலிசாருக்கு அறிவித்தார். அவர்கள் அவனை விசாரித்து விடுவித்தனர். அப்பெண்ணுக்கோ பெற்றோருக்கோ எவரும் எச்சரிக்கை செய்திலர். 1969 இல் அவள் கொலையுண்டாள். நோயாளனின் மறைபொருளைப் பேணுதல் சிகிச்சையின் உயிர்நாடி. எனினும், பிறர் உயிருக்கு ஆபத்து நேருமிடத்து அவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுத்தல் அதனினும் மேலான கடமையென மன்றம் விதித்தது. அறிவுரை கூறும் அயலானுக்கு இத்தகைய பொறுப்பு இல்லை. தொழிலாக மேற்கொண்டவர்க்கே உண்டு.

பழைய வினாக்கள் புதிய வடிவங்களில் மீள்கின்றன. பேச்சுச் சுதந்திரம் உள்ள நாட்டிலே பேச்சுக்கு உரிமம் கேட்கலாமோ என உளப்பகுப்பாளர் சிலர் தொடுத்த வழக்கில், அரசு ஒழுங்குசெய்வது சிகிச்சையையே எனக் கூட்டாட்சி மேன்முறையீட்டு மன்றமொன்று 2000 இற் கூறி உரிமச் சட்டத்தை ஏற்றது. 2002 இல் நியூ மெக்சிக்கோ, மேலதிகப் பயிற்சி பெற்ற உளவியலாளர் மருந்தெழுதவும் இடமளித்தது. வைத்தியருடனான பழைய எல்லை இவ்வாறு சிறிது நகர்ந்தது. மாநில எல்லையைக் கடந்து தொலைவிலிருந்தே சிகிச்சை அளிப்பதற்கான மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை 2020 இற் செயற்படலாயிற்று. 2025 ஆகஸ்டில் இல்லினோய் மாநிலம் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் தாமே உளச்சிகிச்சை அளித்தலைத் தடுத்துச் சட்டமாக்கியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் வைத்தியரல்லாதார் பேசலாமோ என எழுந்த வினா, இன்று மனிதரல்லாதது பேசலாமோ என்ற வினாவாக வளர்ந்துள்ளது.

இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? ஆறுதல் கூறும் ஆற்றலை எச்சட்டமும் அளந்தறிய இயலாது. பட்டமும் பரீட்சையும் அறிவுக்குச் சான்றாகலாம், அன்புக்குச் சான்றாகா. ஆனால், உரிமம் பெற்றவர் தவறிழைப்பின் அவர்மேல் முறையிட ஒரு சபை உண்டு. அவர் உரிமத்தைப் பறிக்க ஒரு விதி உண்டு. துயருற்றவன் பிறனொருவனிடம் தன் உள்ளத்தைத் திறக்கும்போது தன்னையே பணயமாக வைக்கின்றான். அவன் சொற்களைக் கேட்பவர் அவற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருத்தல் வேண்டும். பெயரைக் காப்பதிலும் தொழிலுக்கு வேலியிடுவதிலும் பார்க்க, இப்பொறுப்பை நிலைநாட்டியதே அச்சட்டங்களின் உண்மையான பயன் என்க.