கெட்டிக்காரப் பிள்ளையை யார் கண்டுபிடிப்பது? செங்கல்பட்டின் 200 வருஷக் கதை

1/
2022 ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரம். மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட். 180-க்கும் மேற்பட்ட நாடுகள். வேட்டி கட்டின குதிரை 'தம்பி' ஊரெல்லாம் நின்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் போட்டியில் 16 வயசு குகேஷ் முதல் 8 ஆட்டத்தையும் வரிசையாக ஜெயிச்சு, 11-க்கு 9 புள்ளி எடுத்து, முதல் போர்டில் தங்கம் வாங்கினார். இரண்டே வருஷத்தில், 2024 டிசம்பரில், உலக சாம்பியன்.

2/
இப்ப ஒரு கேள்வி. இந்தப் பிள்ளைகளை முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க?
ஆனந்துக்கு 6 வயசில் செஸ் சொல்லிக் கொடுத்தது அவங்க அம்மா. பிரக்ஞானந்தாவோட அக்கா வைஷாலி ரொம்ப டி.வி. பார்க்கிறாங்கன்னு பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்தாங்க, தம்பி பின்னாலேயே வந்தார். குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், அம்மா நுண்ணுயிரியல் துறை. பையனோட ஊர் ஊராகப் போக அப்பா தன் பிராக்டீஸையே நிறுத்தினார்.

3/
மூணு கதையிலும் பொதுவான விஷயம்: வீட்டில் பார்க்க ஒரு கண் இருந்தது, கூட்டிட்டுப் போக ஒரு கை இருந்தது. அந்தப் பெற்றோர் உழைப்புக்கு ஒரு வணக்கம்.
ஆனால் அதே கடற்கரையில் பட்டிப்புலம், தேவனேரி, கொக்கிலமேடு, பேரிலேயே சதுரங்கம் இருக்கிற சதுரங்கப்பட்டினம்னு எத்தனை குப்பம்! அங்கே ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற கெட்டிக்காரப் பிள்ளையை யார் பார்ப்பாங்க? இந்தக் கேள்விக்கு நம்ம மாவட்டத்தில் 200 வருஷ வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாங்க.

4/
1822-இல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ, உங்க மாவட்டத்தில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள்னு எல்லா கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்து போன கணக்கு 508 பள்ளிகள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, மணல், பனையோலை, எழுத்தாணி. அவ்வளவுதான்.

5/
அந்தத் திண்ணையில் 'சட்டாம்பிள்ளை' என்று ஒருத்தன் இருப்பான். முன்னேறிய மாணவன். வாத்தியார் இவனுக்குச் சொல்லிக் கொடுப்பார், இவன் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். இன்னிக்கு நாம 'சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே'ன்னு திட்டுறோம். ஆனா அது கெட்டிக்காரப் பிள்ளையை அடையாளம் கண்டு, அவனுக்கு வேலையும் மரியாதையும் கொடுத்த ஒரு ஏற்பாடு.

6/
இந்த ஏற்பாடு கடல் கடந்து போனது. 1789-இல் எழும்பூரில் ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்கான அனாதை விடுதி தொடங்கியது. பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். குதிரையில் போகும்போது ஒரு தமிழ்ப் பள்ளியைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதுறாங்க. அட, இது நல்லாருக்கேன்னு தன் பள்ளியில் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்து வரலை. உடனே 8 வயசு ஜான் ஃப்ரிஸ்கென் என்ற சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் கொடுத்தார். பையன் பிச்சு உதறிட்டான்.

7/
1797-இல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை'ன்னே பேர். அவர் 1832-இல் இறக்கும்போது ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அந்த முறை நடந்தது. நம்ம ஊர்த் திண்ணையில் பார்த்ததை வைத்து இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் எழுத்துப் படிச்சாங்க.

8/
இதோட நிறுத்தினா பெருமையா ஷேர் பண்ணிட்டுப் போயிடலாம். ஆனா கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும்.
மன்றோ கணக்கில் மாகாணம் முழுக்க பள்ளியில் இருந்தவர்கள் சுமார் 1,88,650 பேர். அதில் சிறுமிகள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் ஏற முடியாத இடம். சட்டாம்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது திறமையைப் பார்த்துத்தான். ஆனால் திண்ணையில் ஏறியவர்களுக்குள் மட்டும்.

9/
அப்படி வெளியே இருந்த ஒரு பிள்ளையின் கதை. 1859-இல் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தார் இரட்டைமலை சீனிவாசன். குடும்பம் தஞ்சாவூர் போய், பிறகு கோயம்புத்தூர் போனது. கோவையில் அவர் படித்த இடத்தில் சுமார் 400 மாணவர்கள், பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

10/
அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் சாதி தெரிந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். மணி அடித்த பிறகு உள்ளே போவார். விட்டதும் மற்ற மாணவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடப்பார். விளையாட்டு கிடையாது, சிநேகிதம் கிடையாது.
இந்தப் பிள்ளைதான் பின்னாளில் பத்திரிகை நடத்தி, லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் உட்கார்ந்தார்.

11/
யோசிச்சுப் பாருங்க. நாம 'கெட்டிக்காரப் பிள்ளை'ன்னா முதல் பெஞ்சில் கையைத் தூக்கிட்டு இருக்கும்னு நினைக்கிறோம். இவரோ யார் கண்ணிலும் படாமல் இருக்கத் தன் மொத்த அறிவையும் செலவழித்தார். அவருக்கு இணையான எத்தனை பேர் கோழியாளத்திலேயே மாடு மேய்த்து முடிந்துபோனார்கள்?

12/
அரசாங்கத்துக்கும் இது தெரிந்தது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் ஒடுக்கப்பட்ட மக்கள் நிலை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். நிலம் வேணும், வீட்டுமனை வேணும், பள்ளி வேணும் என்றார். 1892-இல் வந்த அரசாணைதான் நாம் 'பஞ்சமி நிலம்' என்று சொல்வதன் தொடக்கம். அடுத்த வருஷமே அந்தப் பிள்ளைகளின் கல்விக்குத் தனி அரசாணை வந்தது. கதவு கொஞ்சம் திறந்தது.

13/
கதவு திறந்தா போதுமா? பசியோட வர்ற பிள்ளை எங்கே படிக்கும்! 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில் மதிய உணவு. 1956-இல் காமராசர். 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022-இல் தொடக்கப் பள்ளியில் காலை உணவு. இதையெல்லாம் நாம் 'ஏழைகளுக்கான திட்டம்' என்று மட்டும் பார்க்கிறோம். திறமையைக் காப்பாற்றும் திட்டமும் இதுதான்.

14/
டாக்டரா இந்த இடத்தில் ஒண்ணு சொல்லணும். ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு வகுப்பில் கவனம் நிற்காது. காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு டீச்சர் சொல்றது பாதிதான் கேட்கும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் கரும்பலகை ஒரு மூட்டம். இந்த மூணு பேரையும் வகுப்பில் 'மந்தம்'னு சொல்லிடுவாங்க. இரும்புச்சத்து மாத்திரை, காதுக்கு வைத்தியம், ஒரு கண்ணாடி. பல நேரம் அவ்வளவுதான் தேவை. அதுக்கு அப்புறம் அந்தப் பிள்ளை யாருன்னு பாருங்க!

15/
சரி, உலகம் கெட்டிக்காரப் பிள்ளைகளை எப்படித் தேடியது? 1905-இல் பிரான்ஸில் பினே முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார். நோக்கம், யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று அறிவது. அமெரிக்காவில் டெர்மன் அதையே திருப்பிப் பிடித்து, 1921 முதல் 1,500 சுட்டிப் பிள்ளைகளைத் தேடி எடுத்து ஆயுசு முழுக்கப் பின்தொடர்ந்தார்.

16/
அந்தத் தேடலில் சோதிக்கப்பட்டு, 'மதிப்பெண் பத்தாது' என்று ஒதுக்கப்பட்ட இரண்டு சிறுவர்கள் ஷாக்லியும் அல்வாரெஸும். ஷாக்லிக்கு 1956-இல் இயற்பியல் நோபல். அல்வாரெஸுக்கு 1968-இல் இயற்பியல் நோபல். தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த 1,500 பேரில் ஒருத்தருக்கும் நோபல் கிடைக்கவில்லை.
இன்னொரு விஷயம்: டெர்மன் முதலில் ஆசிரியர்களிடம் 'உங்க வகுப்பில் கெட்டிக்காரன் யார்?' என்று கேட்டு, அவர்கள் காட்டிய பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் சோதித்தார். மறுபடியும் திண்ணைதான்!

17/
மருத்துவத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கு. ஓ.பி.க்கு வர்றவங்களை மட்டும் பார்த்து 'ஊரில் இவ்வளவுதான் சர்க்கரை நோய்'னு சொன்னா அது தப்பு. வராதவங்களை யார் பார்த்தது? அதனால்தான் வீடு வீடாகப் போய் எல்லாருக்கும் பரிசோதனை செய்றோம். யாரோ அனுப்பி வைப்பது வேறு, எல்லாரையும் பார்ப்பது வேறு.

18/
இதைக் கல்வியில் செய்து பார்த்த இடம் ஃபுளோரிடாவின் பிராவர்ட் கவுண்டி. 2005 வாக்கில், பெற்றோர், ஆசிரியர் பரிந்துரைக்குக் காத்திராமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் மொழி தேவையில்லாத, படப் புதிர் வகைச் சோதனை வைத்தார்கள். தேர்ச்சி அளவுகோலைக் குறைக்கவில்லை. ஆனாலும் சிறப்புத் திறன் திட்டத்துக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைகளின் விகிதம் 180% கூடியது. ஹிஸ்பானிக் பிள்ளைகள் 130%, கறுப்பினப் பிள்ளைகள் 80%. கார்ட், ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இது.

19/
புதுசா யாரும் பிறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அதே வகுப்பில்தான் இருந்தாங்க. ஒருத்தரும் கையைக் காட்டவில்லை, அவ்வளவுதான். பிறகு நிதிக் குறைப்பால் அந்த ஏற்பாடு நின்றதும் எண்ணிக்கையும் பழையபடி சரிந்தது.

20/
ஃபுளோரிடான்னதும் இன்னொரு கதை. நாங்க பாம்புக்கடிக்கு ஏத்துற மருந்துக்கு விஷம் எடுத்துத் தர்றது வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978-இல் தொடங்கியது. அந்த இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-இல் ஃபுளோரிடா அழைத்தது, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மண்ணில் இருக்கும் ஒரு கீறலைப் பார்த்தே பாம்பின் வழியைச் சொல்லும் அறிவு அது. நம்ம எந்தத் தேர்வில் அதுக்கு மார்க் இருக்கு? ஆனா செங்கல் சூளைக்குக் குடும்பத்தோட போய்ப் படிப்பு அறுந்த இருளர் பிள்ளையை நம்ம பதிவேடு 'இடைநிற்றல்'னு மட்டும்தான் எழுதும்.

21/
இப்ப நம்மகிட்ட என்ன இருக்குன்னு பார்ப்போம். 8-ஆம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு, ஜெயிச்சா வருஷம் 12,000 ரூபாய். 9-ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மேல் வகுப்புகளில் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, 11-ஆம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு. 10-ஆம் வகுப்புக்கான மத்திய அரசின் என்.டி.எஸ்.இ. 2021-இல் நிறுத்தப்பட்டது. எல்லாம் நல்ல திட்டங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தவறாம எழுதணும்.

22/
ஆனா வரிசையைக் கவனிச்சீங்களா? 8, 9, 10, 11. தொடக்கப் பள்ளிக்கு ஒண்ணுமே இல்லை. 13 வயசில் தேட ஆரம்பிச்சா, 7 வயசில் ஆர்வம் அணைந்துபோன பிள்ளை அங்கே இருக்காது. குகேஷ் செஸ் பலகையைத் தொட்டது 7 வயசில். 13 வயசுக்கு முன்னாலேயே அவர் கிராண்ட்மாஸ்டர்.

23/
அதனால என் கோரிக்கை சின்னது. பள்ளிச் சிறார் நலத் திட்டக் குழு எப்படியும் வருஷத்துக்கு ஒரு தடவை அரசுப் பள்ளிக்கு வருது. கண், காது, ரத்தம் பார்க்குது. அதோட சேர்த்து, இரண்டு அல்லது மூணாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு படப் புதிர்ச் சோதனை. ரேங்க் வேண்டாம், போர்டில் பேர் ஒட்ட வேண்டாம். கண்டுபிடிச்ச பிள்ளைக்கு மேல் வகுப்புக் கணக்கு, நூலகத்தில் கூடுதல் புத்தகம், வாரம் ஒரு மணி நேரம் வழிகாட்டி. சோதனையில் வராத பிள்ளையைக் கழிச்சுக் கட்டவும் கூடாது. ஷாக்லியை மறக்காதீங்க.

24/
ஆசிரியர்களுக்கு: வேலையைச் சீக்கிரம் முடிச்சிட்டு அடுத்தவனைச் சீண்டுறவன், பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி கேட்கிறவள், மீன் ஏலத்தில் மனக்கணக்குப் போட்டுட்டு நோட்டில் தப்பாப் போடுறவன், வாயில் அருமையாச் சொல்லிட்டு எழுத்தில் திணறுறவள் (கற்றல் குறைபாடும் அபாரத் திறமையும் ஒரே பிள்ளையில் இருக்கலாம்), தம்பியைப் பார்த்துக்க அடிக்கடி லீவு போட்டும் பாடத்தை விடாம பிடிக்கிறவள். இவங்க பேரை எல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்க.

25/
பெற்றோருக்கு: 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்'னு கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கிறோம்னு ஆயிரக்கணக்கில் பணம் கேட்பாங்க. அதுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. கொடுக்காதீங்க. முட்டை, தூக்கம், கண்-காது பரிசோதனை, கேட்கிற கேள்விக்குப் பொறுமையா ஒரு பதில். தெரியலைன்னா 'வா, சேர்ந்து தேடுவோம்'. பிள்ளைக்கு இதுதான் டானிக்.

26/
கோவளத்தில் இருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும், மதுராந்தகம் ஏரிக்கரை வரைக்கும், நாளைக்குக் காலையில் பிள்ளைகள் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டு வகுப்பில் உட்காருவாங்க. உங்க ஊர்த் தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கும், நீங்க அதில் உறுப்பினராக்கூட இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியை ஒரு தடவை எழுப்புங்க: "இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளையையும் யாராவது பார்த்தாங்களா?"

உங்க பள்ளியில் இப்படி ஏதாவது முயற்சி நடந்தா கீழே எழுதுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.